அரிசி மூட்டையும் ஆக்ஸ்ஃபோர்டும்

பண்ருட்டியில் இருக்கும் என் அத்தை உலைக்கு அரிசி அளக்கும்போதெல்லாம் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து, அடுப்பு மேடை ஓரத்தில் இருக்கிற பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுவிட்டுத்தான் களைவார். பாட்டில் நிறைந்ததும் ஞாயிற்றுக்கிழமை அது சபைக்குப் போகும். பிடியரிசிக் காணிக்கை. தமிழ்நாட்டுச் சபைகள் பலவற்றில் ரொம்ப நாளாக இருக்கிற வழக்கம்தான். அந்த அரிசியைப் பொங்கிப் போடுவார்கள், இல்லையென்றால் தன்னைவிட இல்லாத ஒரு வீட்டுக்குக் கொடுப்பார்கள். அத்தை 27 வருஷமாக இதைச் செய்கிறார். முந்திரிக்கொட்டை உடைத்து, கொட்டைப் பால் பட்டுக் கறுத்துப்போன விரல்களோடு, ரேஷன் அரிசி மட்டுமே வீட்டில் இருந்த காலத்திலும் செய்தார்.

இந்த அத்தையைப் போன்றவர்களுக்குத்தான் இணையத்தில் 'அரிசி மூட்டை' என்று பெயர். 'ரைஸ் பேக்'. கிறிஸ்தவப் பெயருள்ள ஒருவர் எதை எழுதினாலும், அது சி.எஸ்.கே. தோற்றதைப் பற்றியதாக இருந்தாலும், கீழே ஒருத்தர் வந்து "எத்தனை மூட்டை வாங்குன?" என்று கேட்டுவிட்டுப் போவார். வெள்ளைக்காரன் காலத்து 'ரைஸ் கிறிஸ்டியன்' என்கிற ஏளனத்தின் பேரப்பிள்ளை இது. விசுவாசத்துக்காக இல்லாமல் வயிற்றுக்காக மதம் மாறியவர் என்று அர்த்தம்.

எங்கள் வீட்டில் இந்த ஏளனத்தை முதலில் செய்தது எந்த இந்துத்துவரும் அல்ல. என் அப்பா. அப்பா கறுப்புச் சட்டைக்காரர், நெய்வேலி முதல் சுரங்கத்தில் கன்வேயர் பிரிவில் வேலை பார்த்தார். 1998இல் அத்தை ஞானஸ்நானம் எடுத்துவிட்டு டவுன்ஷிப் குவார்ட்டர்ஸுக்கு வந்த அன்று அப்பா கேட்டார்: "எத்தன கிலோ குடுத்தானுங்க?" அத்தை கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவங்க குடுக்கலண்ணா, நான்தான் குடுக்கறேன்" என்றார். அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்கு அப்போது 8 வயது. 8 வயதில் சிரித்ததை மன்னித்துவிடலாம். அதற்கப்புறம் ஒரு 25 வருஷம் சிரித்துக்கொண்டே இருந்தேன், அதுதான் பிரச்சினை.

பொறியியல் கல்லூரி ஹாஸ்டலில் ரிச்சர்ட் டாக்கின்ஸின் 'தி காட் டெலூஷ'னைக் களவாடிய பிடிஎஃபில் படித்த தலைமுறை நான். அப்பாவின் பெரியாருக்கு இங்கிலீஷ் சப்டைட்டில் கிடைத்த மாதிரி இருந்தது. அத்தை ஊருக்குப் போகும்போதெல்லாம் அவரிடம் பரிணாமவியல் பேசுவேன். அவர் பலாச்சுளை உரித்துக் கொடுத்துக்கொண்டே கேட்பார்.

அப்புறம் 2024 மார்ச் 31 வந்தது. ஈஸ்டர் ஞாயிறு. லண்டன் வானொலி ஒன்றில் அதே டாக்கின்ஸ் தன்னைக் 'கலாச்சாரக் கிறிஸ்தவன்' என்று சொல்லிக்கொண்டார். நம்பிக்கை கிடையாது, நம்புகிறவர்கள் எண்ணிக்கை குறைவதில் சந்தோஷம்தான். ஆனால் பேராலயங்களும் ஊர்க் கோயில்களும் இல்லாமல் போவது பிடிக்கவில்லை. கிறிஸ்துமஸ் பாடல்கள் பிடிக்கும். இஸ்லாமா கிறிஸ்தவமா என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் கிறிஸ்தவம்தான். இதற்குச் சில மாதங்கள் முன்னால், 2023 நவம்பரில், அயான் ஹிர்ஸி அலி தான் இப்போது ஏன் கிறிஸ்தவர் என்று ஒரு கட்டுரை எழுதியிருந்தார். பெர்ட்ராண்ட் ரஸல் 1927இல் நிகழ்த்திய 'நான் ஏன் கிறிஸ்தவன் அல்ல' உரைக்கு எதிர்த் தலைப்பு. ரஷ்யா, சீனா, இஸ்லாமியவாதம் இவற்றையெல்லாம் எதிர்கொள்ள மேற்குக்கு யூத-கிறிஸ்தவ மரபு தேவை என்பது அவர் முன்வைத்த வாதங்களில் முக்கியமானது. இரண்டு பேருக்கும் முன்பே, 2019இல், டாம் ஹாலண்ட் என்கிற வரலாற்று எழுத்தாளர் 'டொமினியன்' எழுதிவிட்டார்: மனிதர் எல்லாரும் சமம், பலவீனமானவர் பக்கம் நிற்க வேண்டும் என்று நாத்திகர்கள் பேசுவதே கிறிஸ்தவம் போட்ட பாதையில்தான் என்பது அதன் மையம்.

எங்கள் பழைய கல்லூரி வாட்ஸ்ஆப் குழுவில் டாக்கின்ஸ் வீடியோவை முதலில் போட்டவன் நான்தான். இரண்டு நாளில் குழுவே மாறிவிட்டது. 12 வருஷமாக "மதம் ஒரு மனநோய்" என்று ஸ்டிக்கர் அனுப்பிக்கொண்டிருந்தவர்கள், "எனக்கு நம்பிக்கை இல்ல மச்சி, ஆனா சமூகத்துக்கு ஒரு பிடிமானம் வேணும்ல" என்று ஆரம்பித்தார்கள். ஒருவன் மகளை கான்வென்ட்டில் சேர்த்திருந்தான், அதற்கு இப்போது தத்துவம் கிடைத்துவிட்டது. இன்னொருவன் மதம் என்பது லெகசி கோட் மாதிரி என்றான். 2000 வருஷமாக புரொடக்ஷனில் ஓடுகிறது, யார் எழுதினார்கள் என்று தெரியாது, எதற்கு என்று தெரியாது, ஆனால் அழித்தால் எல்லாம் விழுந்துவிடும், தொடாதே. நல்ல உவமைதான். நானும் ஹார்ட் போட்டேன்.

அந்த மே மாதம் ஊருக்குப் போனபோது அத்தையிடம் ரொம்பப் பெருந்தன்மையோடு சொன்னேன்: "அத்தை, உங்கள நான் ரொம்பக் கிண்டல் பண்ணியிருக்கேன். யோசிச்சுப் பாத்தா கிறிஸ்தவத்தால சமூகத்துக்கு எவ்ளோ நல்லது நடந்திருக்கு."

அத்தை நிமிர்ந்து பார்த்தார். "ஏசுவ நம்புறியாப்பா?"

"அது இல்ல அத்தை. நம்பிக்கைன்னு இல்ல. ஆனா நல்லதுதானே."

"நம்பலன்னா அப்புறம் உனக்கு என்னா வந்துச்சு?"

கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். எனக்கும் பதில் தெரியவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியின் மேல் எனக்கு வந்த எரிச்சலில் எழுதுவது. எரிச்சல் அவர்மேல் இல்லை.

*

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒன்றை நினைவுபடுத்த வேண்டும். டாக்கின்ஸுக்கு 56 வருஷம் முன்பே நாம் கலாச்சாரக் கிறிஸ்தவர்களாகிவிட்டோம். 1968இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாவில் சிலைகள் வைக்கப்பட்டன. வள்ளுவர், ஔவையார், பாரதி வரிசையில் மூன்று பேர் கிறிஸ்தவக் குருமார்: வீரமாமுனிவர், கால்டுவெல், ஜி.யு. போப். பகுத்தறிவு இயக்கத்திலிருந்து வந்த ஓர் ஆட்சி ஒரு யேசு சபைப் பாதிரியாரையும் இரண்டு ஆங்கிலிகன் குருமாரையும் கடற்கரையில் நிறுத்தியது. எதற்காக? சதுரகராதிக்காக, 1856இல் வந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்துக்காக, திருக்குறள் மொழிபெயர்ப்புக்காக.

கால்டுவெல் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை இடையன்குடியில் கழித்தார். பனையேறிகளின் ஊர். அங்கே அவர் கோயில் கட்டினார், பிரசங்கம் செய்தார், ஞானஸ்நானம் கொடுத்தார். தான் இந்தியாவுக்கு வந்த காரணம் அதுதான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்திருக்காது. நாம் அவரிடமிருந்து இலக்கணத்தை எடுத்துக்கொண்டோம். அவர் யாருக்கு ஞானஸ்நானம் கொடுத்தாரோ அவர்களின் கொள்ளுப்பேரர்களை 'அல்லேலூயா கோஷ்டி' என்றோம். என் அப்பாவுக்கு கால்டுவெல் பெயரைச் சொன்னால் முதுகு நிமிரும். தங்கச்சி பைபிளைத் திறந்தால் டி.வி. சத்தத்தைக் கூட்டுவார்.

நல்லதைப் பட்டியல் போடுவது சுலபம், ஏனென்றால் நல்லது நிஜமாகவே நடந்தது. எங்கள் பக்கத்துக் கதையையே சொல்கிறேன். பண்ருட்டியிலிருந்து வடக்கே போனால் திண்டிவனம். 1890களில் அங்கே மிஷனரி மருத்துவராக இருந்த ஜான் ஸ்கடரின் மகள் ஐடா, ஒரே இரவில் மூன்று வீட்டுக்காரர்கள் வந்து பிரசவத்தில் தவிக்கும் மனைவியைப் பார்க்கக் கூப்பிட்டதையும், அப்பா வருவார் என்றதும் ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்று மறுத்துப் போனதையும், விடிவதற்குள் மூன்று பெண்களும் செத்துப்போனதையும் பார்த்தார். ஒரு வீடு பிராமணர், ஒரு வீடு முஸ்லிம். அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்துவிட்டு 1900இல் திரும்பி வந்து வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு ஆரம்பித்தது இன்றைக்கு சி.எம்.சி. 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. இதைச் சொல்லும்போது என் நாத்திக நண்பர்கள் கண் கலங்குகிறார்கள். நானும்தான்.

ஆனால் அந்த இரவை ஐடா கடவுளின் அழைப்பாகத்தான் எடுத்துக்கொண்டார். அவர் சமூக நன்மை என்று ஒன்றைத் தேடி அதற்குப் பொருத்தமான மதத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. நமக்கு ஆஸ்பத்திரி வேண்டும், அந்த அழைப்பு வேண்டாம். சரி, வேண்டாம் என்றால் வேண்டாம், எனக்கும் அந்த அழைப்பு கேட்கவில்லை. கேட்காதவன் கேட்கவில்லை என்று சொல்வதில் என்ன கேவலம் இருக்கிறது? "எனக்குக் கேக்கல, ஆனா மத்தவங்களுக்குக் கேட்டுட்டே இருக்கணும், அப்பதான் ஆஸ்பத்திரி நடக்கும்" என்பதுதான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. வேலையாட்கள் கடவுளை நம்பினால் தன் வீட்டில் திருட்டு குறையும் என்கிற இதே கணக்கை 18ஆம் நூற்றாண்டிலேயே வோல்டேர் ஒரு பாத்திரத்தின் வாயில் வைத்துவிட்டார். முதலாளியின் கணக்கு அது.

அந்தக் கணக்கு உண்மையும் இல்லை. நான் பிறந்தது நெய்வேலி என்.எல்.சி. மருத்துவமனையில். அங்கே யாரும் ஜெபித்து என்னை வெளியே எடுக்கவில்லை. 1956இல் அரசாங்கம் ஆரம்பித்த ஒரு பழுப்பு நிலக்கரிக் கம்பெனி, வட்டம் வட்டமாகப் பிரித்த ஒரு ஊர், மரம் நட்ட தெரு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி. அந்தச் சுரங்கத்துக்காக நிலம் கொடுத்த ஊர்களின் கதை வேறு, அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். சேரியிலிருந்து என் அப்பாவை அந்தக் குவார்ட்டர்ஸுக்குக் கொண்டுவந்தது இடஒதுக்கீடு. எங்கள் குடும்பம் மேலே வந்த ஏணியில் சிலுவையும் இல்லை, விபூதியும் இல்லை. அரசமைப்புச் சட்டமும் லிக்னைட்டும் இருந்தன. மதம் இல்லாமல் சமூகத்துக்கு நல்லது நடக்காது என்று என்னிடம் யாராவது சொன்னால் வட்டம் 21க்கு ஒரு தடவை கூட்டிக்கொண்டு போகலாம் என்று நினைத்துக்கொள்வேன்.

*

இனி அரிசிக்கு வருகிறேன்.

பலனுக்காக மதம் மாறுவது கேவலம் என்றால் அந்தக் கேவலத்தை எங்கள் ஊரிலிருந்தே ஆரம்பிக்கலாம். பண்ருட்டியை ஒட்டித்தான் திருவதிகை. பக்கத்துத் திருவாமூரில் பிறந்த மருள்நீக்கியார் சமணத்துக்குப் போய், பாடலிபுத்திரத்து, அதாவது இன்றைய கடலூர் திருப்பாதிரிப்புலியூர் சமணப் பள்ளியில் தருமசேனர் என்ற பெயரோடு தலைமை இடத்துக்கு வந்துவிட்டவர். சூலை நோய் வந்தது. வயிற்று வலி. சமண மருந்தும் மந்திரமும் கேட்கவில்லை. அக்கா திலகவதியார் திருவதிகையில் இருந்தார், ராத்திரியோடு ராத்திரியாக அங்கே வந்தார், அக்கா திருநீறு கொடுத்தார், பாடினார், வலி போயிற்று, சைவரானார். பெரியபுராணம் சொல்கிற கதை இதுதான். திருநாவுக்கரசரை யாரும் 'வயித்துவலிச் சைவர்' என்று சொல்வதில்லை. சொல்லவும் கூடாது. ஏனென்றால் அதற்கப்புறம் அவரைச் சுண்ணாம்புக் காளவாயில் போட்டார்கள், நஞ்சு கொடுத்தார்கள், யானையை விட்டார்கள், கல்லில் கட்டிக் கடலில் எறிந்தார்கள். பலனும் கிடைத்தது, விலையும் கொடுத்தார். (அவருக்குப் பின்னால் மதம் மாறிய பல்லவ அரசன் என்ன விலை கொடுத்தான்? அதே புராணத்தின்படி பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை இடித்து அந்தக் கல்லில் திருவதிகையில் கோயில் கட்டினான். விலையைச் சமணர்கள் கொடுத்தார்கள்.)

அரிசிக் கிறிஸ்தவர் என்ற சொல்லுக்கு வலுச் சேர்த்த பெரும் பஞ்சத்தையே எடுத்துக்கொள்வோம். 1876-78. சென்னை மாகாணம் முழுக்க ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். ஓங்கோலில் இருந்த அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி ஜான் கிளஃப், பக்கிங்ஹாம் கால்வாய் வெட்டும் வேலையில் ஒரு பகுதியை அரசிடம் ஒப்பந்தம் எடுத்து, பட்டினியாகக் கிடந்தவர்களுக்குக் கூலி வேலை கொடுத்தார். அந்தக் காலம் முழுக்க அவர் யாருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. கேட்டு வந்தவர்களையும் திருப்பி அனுப்பினார். சோற்றுக்காக வந்தவர்கள் என்ற பேச்சு வரக்கூடாது என்கிற பயம். நிவாரண வேலை முடிந்து, இனி கொடுக்க எதுவும் இல்லை என்ற பிறகும் அவர்கள் வந்தார்கள். 1878 ஜூலை 3ஆம் தேதி ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். பெரும்பாலும் மாதிகர்கள்.

அவர்கள் மனதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. தன்னோடு உட்கார்ந்து பேசிய, தன் பெயரைக் கேட்ட ஒரு ஆளின் கடவுளை நம்புவது பலனா விசுவாசமா? இரண்டையும் பிரித்துக் காட்டு என்று ஏழையிடம் மட்டும்தான் கேட்கிறோம். 2002இல் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தபோது அதில் வற்புறுத்தலும் மோசடியும் மட்டும் இல்லை, ஆசை காட்டுதலும் குற்றம். மதம் மாற்றி வைக்கிறவர் மாவட்ட ஆட்சியருக்குத் தகவல் கொடுக்க வேண்டும். 2004 தேர்தல் தோல்விக்குப் பிறகு அதே ஆட்சி அதை விலக்கிக்கொண்டது. பேராலயத்துப் பாட்டு காதுக்கு இனிமையாக இருக்கிறது என்று ஒருவர் கிறிஸ்தவர் என்று சொல்லிக்கொண்டால் அதுவும் ஆசை காட்டப்பட்டதுதானே? அவர் எந்தக் கலெக்டருக்கு மனுப் போட்டார்?

ஹிர்ஸி அலியை இந்த வசவிலிருந்து பாதி விடுவிக்கிறேன். அந்தக் கட்டுரையிலேயே கடவுள் இல்லாத வாழ்க்கை தனக்குத் தாங்க முடியாததாக இருந்தது என்றும் எழுதினார், 2024இல் நியூயார்க் மேடையில் டாக்கின்ஸுக்கு எதிரே உட்கார்ந்து தன் நம்பிக்கையைத் தன்னுடையது என்று சொன்னார். அவரோடு சண்டை போடலாம். என் வாட்ஸ்ஆப் குழுவோடு சண்டை போட முடியாது, அங்கே பிடித்துத் திருக எதுவும் இல்லை.

*

ஹாலண்டின் வாதத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களை நான் எறையூருக்கு அனுப்ப விரும்புகிறேன். உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம், எங்கள் ஊரிலிருந்து ரொம்ப தூரம் இல்லை. புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்துக்குள் வருகிற பழைய கத்தோலிக்க ஊர். வன்னியக் கிறிஸ்தவர்கள், தலித் கிறிஸ்தவர்கள். ஒரே ஏசு, வேறு வேறு கல்லறை. தலித் வீட்டுச் சாவு போக வேறு வழி. தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று தலித்துகள் கேட்டார்கள். 2008 மார்ச்சில் அது கலவரமாகி, வீடுகள் தாக்கப்பட்டு, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 2 பேர் செத்தார்கள். தெற்கே வடக்கன்குளத்தில் சாதி பிரித்து உட்கார வைப்பதற்காகக் கோயிலையே கால்சட்டை மாதிரி இரண்டு கையாகப் பிரித்துக் கட்டினார்கள். இதெல்லாம் அந்த 'நாகரிகக் கொடை' என்கிற கணக்கில் எந்தப் பத்தியில் வரும்?

ஆனால் இதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதுதான் என்னைத் தூங்கவிடாத இடம். எறையூர் தலித்துகள் மதத்தை விட்டுப் போகிறோம் என்று கேட்கவில்லை, பங்கு கேட்டார்கள். கிறிஸ்துவில் சாதி இல்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று அதே மதத்தின் வார்த்தையை எடுத்து அதே மதத்தின் கதவைத் தட்டினார்கள். ஹாலண்ட் சொல்கிற சமத்துவம் எங்காவது உயிரோடு இருக்கிறது என்றால் அந்தத் தட்டலில் இருக்கிறது. நம்பியதால்தான் தட்ட முடிந்தது. நானாக இருந்தால் நாலு போஸ்ட் போட்டுவிட்டு வெளியே வந்திருப்பேன்.

இந்தப் பலன் வாதத்தை நேர்மையாகச் செய்த நாத்திகர் ஒருவர் இருக்கிறார், அவர் நம்மவர். பெரியார் 1947இல் திருச்சியில் பேசிய பேச்சு 'இன இழிவு ஒழிய இஸ்லாமே நன்மருந்து' என்றே புத்தகமாக வந்தது. கடவுளை மறுத்த மனிதர் ஒரு மதத்தைப் பரிந்துரைக்கிறார். மோட்சத்துக்கு இல்லை, இந்த உலகத்தில் இழிவு போவதற்கு. மருத்துவர் தான் குடிக்காத மருந்தை எழுதிக் கொடுக்கிறார் என்று அவரைக் கேலி செய்யலாம், செய்திருக்கிறார்கள். ஆனாலும் யாருக்கு நோய், யாருக்குப் பலன் என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை. டாக்கின்ஸின் கிறிஸ்தவத்தால் பலன் யாருக்கு? ஏற்கனவே நன்றாக இருப்பவர்களுக்கு, தங்கள் தெருவில் வேறு விளக்கு எரிவது பிடிக்காதவர்களுக்கு. அதே பேச்சை நாளைக்கு இங்கே ஒருவர் எடுத்து, "எனக்கும் நம்பிக்கை இல்ல, ஆனா நான் கலாச்சார இந்து, நம்ம நாகரிகத்தைக் காப்பாத்தணும்" என்றால் என் குழுவில் யாருக்கும் பதில் இருக்காது. நாளைக்கு என்ன, ஏற்கனவே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இப்போது விலைப் பட்டியல்.

1950இல் குடியரசுத் தலைவர் பிறப்பித்த அட்டவணைச் சாதிகள் ஆணையின் 3ஆம் பத்தி, இந்து மதத்தைச் சாராதவர் அட்டவணைச் சாதியினர் ஆகமாட்டார் என்றது. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்றுவரை வெளியே. தமிழ்நாட்டில் கிறிஸ்தவரான ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுவார். தனித்தொகுதியில் நிற்க முடியாது, எஸ்.சி. ஒதுக்கீட்டு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. ஊர்க்காரன் அவரைப் பழைய பெயரால்தான் கூப்பிடுவான், அவர் வீட்டில் தண்ணீர் குடிக்கமாட்டான், சர்க்கார் மட்டும் உனக்குச் சாதி போய்விட்டது என்று சொல்லும். அப்படியென்றால் கணக்குப் பாருங்கள். இந்த நாட்டில் ஒரு தலித் கிறிஸ்தவராக மாறினால் அவருக்கு அரிசி கிடைப்பதில்லை. இருக்கிற அரிசியும் போகிறது. என் அப்பாவுக்கு நெய்வேலியில் கிடைத்த வேலை, என் பொறியியல் சீட், இவற்றை வாங்கிக் கொடுத்த அந்த ஒரு தாள் போகிறது.

2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், நம்பிக்கை இல்லாமல் இடஒதுக்கீட்டுப் பலனுக்காக மட்டும் மதம் மாறுவது அரசமைப்புச் சட்டத்தின் மீதான மோசடி என்றது. ஞானஸ்நானம் பெற்ற, கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர் இந்து என்று சான்றிதழ் கேட்டார் என்பது வழக்கு. சட்டப்படி சரியாகவே இருக்கலாம், நான் வக்கீல் இல்லை. எனக்கு உறைத்தது வேறு. நம்பிக்கை இல்லாமல் பலனுக்காக மட்டும் ஒரு மதத்தின் பெயரைச் சூட்டிக்கொள்வது, கிளார்க் வேலை கேட்ட பெண் செய்தால் மோசடி. ஆக்ஸ்ஃபோர்டில் ஓய்வுபெற்ற பேராசிரியர் செய்தால் சிந்தனைப் பயணம், நாம் அதை ஷேர் செய்து ஹார்ட் போடுகிறோம்.

கிறிஸ்தவத்தின் சமூக நன்மைகளைக் கண்டு மனம் இளகிய என் பகுத்தறிவு நண்பர்களில் ஒருவர்கூட இந்த 3ஆம் பத்தியைப் பற்றி ஒரு வரி எழுதி நான் பார்க்கவில்லை. பேராலயத்துக்காக இளகுகிறார்கள், பாட்டுக்காக இளகுகிறார்கள், கான்வென்ட்டுக்காக உருகுகிறார்கள். எங்கள் தெருக் கோடியில் தகரக் கொட்டகையில் மைக் வைத்து அழுது ஜெபிக்கிற ஜனங்களை இப்போதும் 'சவுண்ட் பொல்யூஷன்' என்கிறார்கள். 2011 டிசம்பரில் தானே புயல் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தபோது அந்தக் கொட்டகைத் தகரமும் பறந்துபோயிற்று. மூன்று மாதம் வெட்டவெளியில் பாயைப் போட்டு உட்கார்ந்து ஜெபித்தார்கள். அந்தக் கிறிஸ்தவத்துக்குப் பேராலயம் இல்லை.

நம்பாதவன் நம்புகிறவருக்குச் செய்யக்கூடிய மரியாதை, "நீங்கள் சொல்வது உண்மையில்லை என்று நினைக்கிறேன்" என்று முகத்துக்கு நேராகச் சொல்வதுதான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. என் அப்பா கிண்டலாகவாவது அதைச் செய்தார். அத்தையும் பதிலுக்கு, "நீ நரகத்துக்குப் போவண்ணா, நான் தெனம் ஒனக்காக அழுவுறேன்" என்பார். இரண்டு பேரும் ஒருவர் சொன்னதை ஒருவர் காதில் வாங்கினார்கள். நான் அந்த மே மாதம் செய்தது அதைவிடக் கேவலம். அவருடைய உயிரைப் பிடித்து வைத்திருக்கிற ஒன்றுக்கு நான் ஐந்து நட்சத்திர ரிவ்யூ கொடுத்தேன்.

*

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அத்தையின் பேத்தியைப் பள்ளியில் சேர்க்கச் சாதிச் சான்றிதழ் வேண்டும். அத்தை மகனுக்கு வேலை, இ-சேவை மையத்தில் கூட்டம், "நீதான் கம்ப்யூட்டர் வேல பாக்குறியே" என்று என்னிடம் வந்தது. லேப்டாப்பை முற்றத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அத்தை பக்கத்தில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

பெயர், அப்பா பெயர், முகவரி, ரேஷன் கார்டு எண். எல்லாம் போட்டேன். அடுத்து மதம். கீழே விழுகிற பட்டியல். கிளிக் செய்ததும் மதங்கள் வரிசையாக விழுந்தன. குழந்தையைச் சபையில் பிரதிஷ்டை செய்த அன்று எடுத்த போட்டோ எனக்கு எதிரே சுவரில் மாட்டியிருந்தது. வீட்டில் எல்லாருடைய தாளிலும் இந்துதான். ஓட்டைக் கொட்டகைச் சபையில் பாதிப் பேருடைய தாளிலும் அதுதான்.

"என்னாப்பா நிறுத்திட்ட?"

"மதம் கேக்குது அத்தை."

அத்தை முறத்தைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "ஒன்ன போட சொல்றதுதான் எனக்கு நல்லாருக்கு" என்றார். "நீ எதையும் நம்பாதவன்ல. ஒனக்குப் பாவம் இல்ல."

நான் பட்டியலில் 'இந்து'வைத் தேர்ந்தெடுத்தேன். அத்தை எழுந்து உள்ளே போய், அளந்து வைத்த அரிசியிலிருந்து ஒரு பிடியைப் பாட்டிலில் போடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவருடைய போனுக்கு ஓடிபி வந்திருந்தது. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக வாசித்துச் சொன்னார். நான் ஒவ்வொன்றாகப் போட்டேன்.